புத்தகத்தை மூடினால்தான் திருப்புதல்

மார்ச் பொதுத்தேர்வுக்கு முன்னால் பிளஸ் டூ மாணவர்கள் இயற்பியலுக்குச் செலவிடும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல. ஜனவரி பிறந்ததும் திருப்புதல் தேர்வுகள் வரிசைகட்டி வருகின்றன. காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்டடி, இரவில் வீட்டில் மறுபடியும் அதே புத்தகம். இரண்டு தொகுதிகள், 11 அலகுகள். மூன்று முறை முடித்தாயிற்று, நான்கு முறை முடித்தாயிற்று என்று பிள்ளைகள் கணக்குச் சொல்கிறார்கள். அப்படிப் படித்தவர்களே தேர்வறையிலிருந்து வெளியே வந்து, "எல்லாம் படிச்சதுதான், எழுதும்போது வரல" என்கிறார்கள். பதற்றம் என்றோ கவனக்குறைவு என்றோ பெரியவர்கள் அதற்குப் பெயர் வைத்து நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பிள்ளைகள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டும் என்பது என் கட்சி. அவர்கள் படித்தது உண்மை. எழுத வராததும் உண்மை. படித்த விதம், தேர்வு கேட்கும் வேலைக்கு அவர்களைப் பழக்கவில்லை. இந்த விதத்தை மாற்ற முடியும். அதற்குக் கூடுதல் நேரமும் தேவையில்லை.

வினாத்தாளையே எடுத்துக்கொள்வோம். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு மதிப்பெண் வினா 15. இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் பகுதிகள் இரண்டிலும் ஒன்பது கொடுத்து ஆறு எழுதச் சொல்கிறார்கள். ஐந்து மதிப்பெண் வினா ஐந்து. ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. ஆனால் 24ஆம் எண்ணும் 33ஆம் எண்ணும் கட்டாய வினாக்கள். பெரும்பாலும் அவை கணக்குகள். இவ்வளவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்கள் கவனிக்கத் தவறுவது வேறொன்று: வினாத்தாளில் எந்தக் கேள்விக்கு மேலும் அலகின் பெயர் அச்சிட்டிருக்காது. பாடநூலில் ஒவ்வொரு கணக்கும் தன் அலகுக்குள், தன் சூத்திரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மின்தேக்கிப் பகுதியின் கடைசியில் வரும் கணக்குக்கு மின்தேக்கிச் சூத்திரம்தான் என்பது படிக்கத் தொடங்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. எண்களை இட்டு விடை காண்பது மட்டும் மிச்சம். தேர்வறையிலோ முதல் வேலை, இந்தக் கணக்கு எந்த விதியால் தீரும் என்று கண்டுபிடிப்பது. ஆண்டு முழுக்கப் படித்தும் அந்த ஒரு வேலையை மட்டும் பழகாமலே தேர்வுக்குப் போகிறவர்கள் ஏராளம்.

ஓர் எலக்ட்ரான், ஒரு மின்னழுத்த வேறுபாட்டினால் முடுக்கப்படுகிறது. இப்படித் தொடங்கும் கேள்வி எந்த அலகைச் சேர்ந்தது? முடுக்கப்பட்ட எலக்ட்ரான் அடுத்து ஒரு காந்தப்புலத்துக்குள் செங்குத்தாக நுழைகிறது, அதன் வட்டப்பாதையின் ஆரம் என்ன என்று கேட்டால் காந்தவியல். அதே எலக்ட்ரானின் டி ப்ராய் அலைநீளம் என்ன என்று கேட்டால் இருமைப்பண்பு. 100 வோல்ட் என்றால் 1.227 ஆங்ஸ்ட்ராம் என்ற விடை பல பிள்ளைகளுக்கு மனப்பாடம். இரண்டு கேள்விக்கும் முதல் அடி ஒன்றே: மின்னழுத்தம் செய்யும் வேலை இயக்க ஆற்றலாக மாறுகிறது. அது மின்னியல் அலகில் படித்தது. அந்த முதல் அடியைப் பிடித்தவர், மின்னழுத்தம் நான்கு மடங்கானால் ஆரம் இரு மடங்காகும், அலைநீளம் பாதியாகும் என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுவார். இரண்டு சூத்திரங்களையும் தனித்தனியாக உருப்போட்டவர், 'முடுக்கப்படுகிறது' என்ற சொல்லைக் கண்டதும் எந்தச் சூத்திரம் முதலில் நினைவுக்கு வருகிறதோ அதை எழுதிவிடுவார்.

இந்த வித்தியாசத்தை 1981இல் மிஷலீன் சீ, பால் ஃபெல்டோவிச், ராபர்ட் கிளேசர் ஆகிய மூவரும் அழகாகக் காட்டினார்கள். கல்லூரி இயற்பியல் பாடநூல் ஒன்றிலிருந்து 24 கணக்குகளை எடுத்து, இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்கள் எட்டுப் பேரிடமும், இயக்கவியல் பாடத்தை அப்போதுதான் முடித்த மாணவர்கள் எட்டுப் பேரிடமும் கொடுத்து, ஒத்தவற்றைச் சேர்த்துப் பிரிக்கச் சொன்னார்கள். மாணவர்கள் சாய்தளக் கணக்கு, கப்பிக் கணக்கு, சுருள்வில் கணக்கு என்று கண்ணில் படும் பொருளை வைத்துப் பிரித்தார்கள். தேர்ந்தவர்கள் ஆற்றல் மாறாமைக் கணக்கு, நியூட்டன் இரண்டாம் விதிக் கணக்கு என்று தீர்க்கும் கொள்கையை வைத்துப் பிரித்தார்கள். இயற்பியலில் தேர்ச்சி என்பதன் பெரும்பகுதி இந்தப் பார்வைதான். அது புத்தகத்தை மேலும் ஒருமுறை வாசிப்பதால் வருவதில்லை.

வாசிப்பு ஏன் போதாது என்பதற்கு வலுவான சான்று, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு குழு ஒரு பத்தியை நான்கு அமர்வுகளிலும் படித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு குழு முதல் அமர்வில் மட்டும் படித்தது. மற்ற மூன்றிலும் பத்தியைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதியது. முதல் குழுவினர் சராசரியாக 14 முறைக்கு மேல் அந்தப் பத்தியை வாசித்திருந்தார்கள். இரண்டாம் குழுவினர் மூன்று, நான்கு முறைதான். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடு. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது: படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. அந்த ஐந்து நிமிடச் சோதனை முடிவுதான் நம் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. இரவு பத்து மணிக்கு ஒரு பாடத்தை மூன்றாம் முறை படித்து முடிக்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது. அந்தத் தெளிவு பொய்யில்லை; ஆனால் ஒரு வாரம் தாங்காது. நினைவிலிருந்து எழுத முயன்றவர்கள் 'இன்னும் வரவில்லையே' என்று சங்கடப்படுகிறார்கள். உண்மையில் அவர்களுக்குத்தான் பாடம் தங்குகிறது. தினமும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்ப் பழகிய வழியில், ஒரு நாள் தானே வண்டியோட்டிப் போகும்போது எந்த முக்கில் திரும்புவது என்று தடுமாறுவதைப் போன்றதுதான் இது.

ஆகவே, திருப்புதலின் அடிப்படை அலகு புத்தகத்தின் பக்கம் என்பதை விட்டு, வெறும் தாள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மின் இருமுனையினால் அச்சுக்கோட்டில் ஏற்படும் மின்புலம் என்ற ஐந்து மதிப்பெண் வினாவைப் பாருங்கள். புத்தகத்தில் படித்துப்போகும்போது படம், இரண்டு மின்துகள்களின் புலங்கள், அவற்றின் கூடுதல், தொலைவு மிக அதிகம் என்ற தோராயம், கடைசிச் சமன்பாடு என எல்லாம் சீராக ஓடும். புத்தகத்தை மூடிவிட்டு எழுதத் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு இடங்களில் பேனா நிற்கும். இரண்டு புலங்களும் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் கழிக்க வேண்டும் என்ற இடம் ஒன்று. கழித்து வந்த கோவையில் எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்ற இடம் இன்னொன்று. நின்ற இடத்தில் உடனே புத்தகத்தைத் திறக்காமல் ஐந்து நிமிடம் முட்டிப் பார்க்க வேண்டும். பிறகு திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் எழுத வேண்டும். அந்த நிற மை விழுந்த வரிகள்தான் அடுத்த முறை படிக்க வேண்டியவை. மற்றவை ஏற்கெனவே கைவந்தவை. நான்கு பக்கத்தை மறுபடி வாசிக்கும் நேரத்தில் இரண்டு வரியைச் சரிசெய்து முடித்துவிடலாம். கூடவே ஒரு கேள்வி: ஒற்றை மின்துகளின் புலம் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைய, இருமுனையின் புலம் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைவது ஏன்? தொலைவில் நேர்மின்னும் எதிர்மின்னும் ஏறத்தாழ ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன, எஞ்சுவது அந்தச் சிறு வேறுபாடு மட்டும். இது புரிந்த பிள்ளை கடைசிச் சமன்பாட்டில் அடுக்கைத் தவறாக எழுதாது. எழுதினாலும் தானே கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவது மாற்றம், கலந்து போடுவது. மின்னியல் கணக்குகள் பத்து, அதன்பின் காந்தவியல் பத்து என்று அலகு அலகாகப் போடுவது நம் வழக்கம். கைடுகளும் அப்படியே அமைந்திருக்கின்றன. டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு வகைத் திண்மங்களின் கனஅளவைக் கணக்கிடப் பழகினார்கள். ஒவ்வொரு வகையாகப் பழகியவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகப் போட்டார்கள். நான்கையும் கலந்து பழகியவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முதல் குழு 20க்குச் சரிந்தது, கலந்து பழகியவர்கள் 63இல் நின்றார்கள். கலந்து போடும்போது ஒவ்வொரு கணக்கிலும் 'இது எந்த வகை' என்று முடிவெடுத்தாக வேண்டும். தேர்வும் அதையேதான் கேட்கிறது. இயற்பியலிலேயே இதற்குச் சான்று உண்டு. லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் வகுப்பு மாணவர்களுக்கு வீட்டுப்பாடக் கணக்குகளைக் கலந்து கொடுத்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். முன்னறிவிப்பில்லாத தேர்வுகளில் கலந்து பழகியவர்களே மேலாகச் செய்தார்கள். ஆனால் அந்த மாணவர்கள் அந்த முறையைக் கடினம் என்றார்கள், குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். நல்ல முறையைக் கையில் எடுத்தவர்கள் இரண்டே வாரத்தில் அதைக் கைவிடுவதற்குக் காரணம் இந்த உணர்வுதான்.

மின்தேக்கிக்கு மீண்டும் வருகிறேன். இதைவிட நல்ல உதாரணம் பாடநூலில் இல்லை. இணைத்தட்டு மின்தேக்கியின் தட்டுகளுக்கு இடையே, ஒப்புமை விடுதிறன் 5 கொண்ட மின்காப்புப் பொருளை முழுவதும் நுழைக்கிறோம். சேமித்த ஆற்றல் கூடுமா, குறையுமா? மின்கலம் துண்டிக்கப்பட்டிருந்தால் மின்னூட்டம் மாறாது. மின்தேக்குத்திறன் ஐந்து மடங்காகும், மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்காகும், ஆற்றலும் ஐந்தில் ஒரு பங்காகும். மின்கலம் இணைப்பிலேயே இருந்தால் மின்னழுத்தம் மாறாது. மின்னூட்டம் ஐந்து மடங்கு, ஆற்றலும் ஐந்து மடங்கு. வினாவில் மாறியது ஒரே சொல், விடை நேர் எதிர். பாடநூலில் இவை அடுத்தடுத்த தலைப்புகள் என்பதால் படிக்கும்போது குழப்பமே வராது. மூன்று வாரம் கழித்து, ஒளிமின் விளைவுக் கணக்குக்கும் மின்மாற்றிக் கணக்குக்கும் நடுவில் இதைச் சந்திக்கும்போதுதான், எது மாறாமல் இருக்கிறது என்று முதலில் கேட்கும் பழக்கம் வந்திருக்கிறதா என்று தெரியும். ஒரு கம்பியை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் மின்தடை என்னவாகும் என்ற ஒரு மதிப்பெண் வினாவிலும் இதே கதைதான். மாறாதது கனஅளவு, ஆகவே குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகிறது, மின்தடை நான்கு மடங்காகிறது. இரண்டு மடங்கு என்று குறிப்பவர்களுக்குச் சூத்திரம் தெரியாமல் இல்லை.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஐந்து மதிப்பெண் வினாக்களில் பெரும்பாலானவை புத்தகத்தில் உள்ள டெரிவேஷன்கள். புக் பேக் வினாக்களை உருப்போட்டாலே நல்ல மதிப்பெண் வரும், எதற்கு இந்தச் சுற்று வழி என்பது அது. இதில் பாதி உண்மை. உருப்போட்டு மதிப்பெண் வாங்க முடியும், வாங்கியும் இருக்கிறார்கள். ஆனால் உருப்போடுவதற்கும் வெறும் தாள்தான் சிறந்த வழி என்பதையே ரோடிகர், கார்பிக் சோதனை காட்டுகிறது. அதில் இருந்தது சாதாரண உரைநடைப் பத்தி, புரிதலைச் சோதிக்கும் கணக்கு அல்ல. அதோடு, விடைத்தாள் திருத்தும்போது படத்துக்கு, தொடக்கச் சமன்பாட்டுக்கு, இடைப்படிகளுக்கு, முடிவுக்கு எனப் படிப்படியாகவே மதிப்பெண் போடுகிறார்கள். வரி வரியாக உருப்போட்டவர் நடுவில் ஒரு வரி மறந்தால் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் இழக்கிறார். காரணம் தெரிந்தவர் அந்த வரியைத் தாண்டிக்கூட அடுத்த படியிலிருந்து தொடர்வார். உருப்போட்டதை வைத்துக் கட்டாயக் கணக்குகளைத் தீர்க்க முடியாது என்பதும் இருக்கிறது. நீட் எழுதும் பிள்ளைகளுக்கோ மே மாதத்தில் 45 இயற்பியல் வினாக்கள் காத்திருக்கின்றன. அங்கே டெரிவேஷனுக்கு மதிப்பெண்ணே கிடையாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது, அக்கறையுள்ள ஆசிரியர்களிடமிருந்து வருவது. பாடமே புரியாத பிள்ளையிடம் வெறும் தாளைக் கொடுத்தால் அது வெறுமையாகவே திரும்பி வரும், இருக்கும் நம்பிக்கையும் போய்விடும். எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 மதிப்பெண் எடுக்க வைப்பதே பெரும்பாடாக இருக்கும் வகுப்பில் இது ஆடம்பரம் என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் காட்டியதும் இதையே: புதிதாகக் கற்பவர்களுக்கு, தாமே முட்டி மோதுவதைவிடத் தீர்த்துவைத்த கணக்கைப் படிப்பது மேல். ஆகவே அந்தப் பிள்ளைகளுக்குத் தொடக்கம் புத்தகத்தின் எடுத்துக்காட்டுக் கணக்காகவே இருக்கட்டும். முழுத் தீர்வையும் படித்தபின் கடைசி வரியை மட்டும் மறைத்து எழுதச் சொல்ல வேண்டும். அடுத்த நாள் கடைசி இரண்டு வரி. அதற்கடுத்து, எந்தச் சூத்திரம் என்பது மட்டும் தெரிய, மீதி முழுக்கச் சொந்தக் கை. ஒரு வாரத்தில் தாள் வெறுமையாகவே கையில் கிடைத்தாலும் அவர்கள் பயப்பட மாட்டார்கள். மெல்லக் கற்போருக்கு என்று குறைத்த வினாத் தொகுப்பை அச்சிட்டுக் கொடுத்து, மார்ச் வரை அதையே திரும்பத் திரும்ப வாசிக்கவும் பார்த்து எழுதவும் வைப்பதுதான் எனக்கு ஏற்புடையதாக இல்லை. பத்து முறை பார்த்து எழுதுவதில் கை உழைக்கிறது, நினைவு உழைப்பதில்லை.

'நாங்கள்தான் தினமும் டெஸ்ட் வைக்கிறோமே' என்பார்கள். ஸ்லிப் டெஸ்ட், அலகுத் தேர்வு, மூன்று திருப்புதல் தேர்வு என்று நம் பள்ளிகளில் தேர்வுகளுக்குக் குறைவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஸ்லிப் டெஸ்ட்டுக்கு நேற்றே பகுதியைச் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை முதல் நாள் இரவு படித்து மறுநாள் காலை எழுதுகிறது. மேலே சொன்ன ஐந்து நிமிடச் சோதனைக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. திருப்புதல் தேர்வு நல்ல சோதனை, ஆனால் விடைத்தாள் திரும்பி வரும்போது அதிலிருந்து எடுக்கப்படுவது மதிப்பெண் ஒன்றுதான். எங்கே பிசகியது என்பதைக் குறித்து வைக்கும் வழக்கம் இல்லை. இயற்பியலில் தவறுகள் நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும்: விதியைத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை, சென்டிமீட்டரை மீட்டராக்கவில்லை, எலக்ட்ரான் வோல்ட்டை ஜூலாக்கவில்லை, குறி மாறிவிட்டது, கணக்கிடுவதில் பிழை. ஒரு மாணவர் தன் கடைசி மூன்று விடைத்தாள்களை எடுத்து இப்படி வகைப்படுத்தினால், இனி என்ன படிக்க வேண்டும் என்பது வேறு யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். கணக்கிடும் பிழைக்கு வீட்டுப் பழக்கமும் ஒரு காரணம். தேர்வறையில் மடக்கை அட்டவணைதான், கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. வீட்டிலோ செல்போனில் தட்டி விடை காண்கிறார்கள். பத்தின் அடுக்குகளைக் கையால் கூட்டிக் கழிக்கும் பழக்கம், கடைசி வாரத்தில் திடீரென்று வந்துவிடாது.

அமெரிக்கக் கல்லூரிகளில் செய்த சோதனை நம் அரசுப் பள்ளிக்குப் பொருந்துமா என்றும் கேட்கலாம். அதே விழுக்காடு இங்கே வரும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கலந்து பயிலும் முறையைக் கல்லூரிக்கு வெளியிலும் சோதித்திருக்கிறார்கள். ஃபுளோரிடாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் 54 வகுப்புகளில், அவரவர் ஆசிரியரே நடத்த, ரோரர் குழுவினர் செய்த கணித ஆய்வு 2020இல் வந்தது. ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பின்றி வைத்த தேர்வில் கலந்து பழகியவர்கள் 61, வகை வகையாகப் பழகியவர்கள் 38 விழுக்காடு. கொடுத்த கணக்குகளில் வேறுபாடு இல்லை, வரிசையை மட்டும் மாற்றினார்கள். இதற்குப் புதிய கட்டடமோ ஸ்மார்ட் போர்டோ வேண்டாம்.

நேரம் போதாது என்ற கவலைக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஒரு நாளைக்கு இயற்பியலுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால், முதல் அரை மணியில் பழைய அலகுகளிலிருந்து ஒரு டெரிவேஷனும் நான்கு கணக்கும் வெறும் தாளில். நான்கு கணக்கும் நான்கு வெவ்வேறு அலகுகளிலிருந்து. அடுத்த அரை மணியில் எழுதியதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்தம். கடைசி அரை மணி அன்று பள்ளியில் நடந்த பாடத்துக்கு. சரியாக வந்ததை ஒரு வாரம் கழித்தும், தடுமாறியதை இரண்டு நாள் கழித்தும் திரும்ப எடுக்க வேண்டும். கணக்குகளைத் தேர்ந்தெடுக்கத் தனி உழைப்பு வேண்டாம்: பழைய பொதுத்தேர்வு வினாத்தாள்கள் கலந்தே அச்சாகியிருக்கின்றன. அவற்றை மார்ச் மாதத்துக்கென்று ஒதுக்கிவைப்பதுதான் தவறு. பாடம் பாதி முடிந்த அக்டோபரிலேயே, நடத்தி முடித்த அலகுகளின் கேள்விகளை மட்டும் டிக் அடித்துப் போட ஆரம்பித்துவிடலாம்.

ஆசிரியர்களால் செய்யக்கூடியது சிறிது, பயன் பெரிது. வாரத்தில் ஒரு ஸ்லிப் டெஸ்ட்டை மட்டும் பகுதி சொல்லாமல் வையுங்கள். ஐந்து வினாக்களில் மூன்று முந்தைய மாதங்களின் பாடமாக இருக்கட்டும். அந்த மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம், விடையை அன்றே பலகையில் எழுதிப் பேசிவிடுங்கள். முதல் மூன்று நான்கு வாரம் மதிப்பெண் சரியும். தலைமையாசிரியர் கேட்பார், பெற்றோர் கேட்பார்கள், பிள்ளைகளே பழைய முறைக்குப் போகலாம் என்பார்கள். பயிற்சியில் 89 வாங்கியவர்கள் தேர்வில் 20க்கு வந்த கணக்கை அவர்களிடம் அப்போது சொல்ல வேண்டும். டிசம்பருக்குள் அந்தச் சரிவு வந்து போய்விட்டால், ஜனவரித் திருப்புதல் தேர்வில் 24ஆம், 33ஆம் வினாக்களுக்கு வகுப்பில் எத்தனை பேர் விடை எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே முறை பலித்ததா என்று தெரிந்துவிடும்.